இரண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு சார்ஜர்

பூந்தமல்லி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், நானும் ஷாகிதாவும் சுகம். அவளுக்கு மேல் கோரைப்பல் இரண்டு வந்திருக்கிறது; முதல் கடி எனக்குத்தான். உங்கள் தீவும் அதன் அறுபது வீடுகளும், கூரையேறக் காத்திருக்கும் சோலார் தகடுகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். படகுத்துறையில் நின்று நீங்கள் போனில் பேசுவதெல்லாம் எனக்குக் காற்று இரைச்சலாகவே வருவதால் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து ஆறு மாதம் குடித்தனம் செய்ய என்னால் முடியாது.

பயத்தில் சொல்லவில்லை, பரிசோதனை செய்துதான் சொல்கிறேன், பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சும்மாவா படித்தேன்? இருபது வீட்டோடு நின்ற கரண்டை இனி அறுபதுக்கும் கொடுக்கப்போகிறோம், வீட்டுக்கு இரண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு போன் சார்ஜர், தாராளம் என்று எழுதியிருந்தீர்களே, அந்தத் தாராளத்திலேயே போன திங்கட்கிழமை முழுக்க நம் வீட்டை ஓட்டிப் பார்த்தேன். மிச்ச சுவிட்சுகள் மேலெல்லாம் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். காலை ஏழு மணிக்கே சட்னி மாட்டிக்கொண்டது. தேங்காய்ச் சில்லை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு வேம்புலியம்மாவின் மிக்ஸிக்குப் போனேன், அப்புறம் பிள்ளையின் துணி அவங்க மெஷினுக்குப் போச்சு, பால் அவங்க ஃபிரிட்ஜுக்குப் போச்சு, பத்து மணிக்கெல்லாம் நம்ம குடும்பமே கீழ்வீட்டில் இருக்கு! அவர் மகன் டில்லிபாபு டெஸ்டரோடு மேலே வந்துவிட்டார்.

"இன்னாக்கா, உன் ஊட்டுல மட்டும் பியூஸ் பூட்ச்சா?"

"கரண்ட் இருக்கு தம்பி. நான்தான் போடல. தீவுல இருக்கற மாதிரி இருந்து பாக்கறேன்."

அவர் மெதுவாகப் படியிறங்கிப் போய், "எம்மோவ், அண்ணாத்தே இல்லாம அக்கா ஒரு மாதிரியா கீதும்மா" என்றார்.

வேம்புலியம்மா சிரிக்கவில்லை. "அத்த வுடுடா. ஏம்மா, அந்த ஊரு பொம்பளைங்க மாவுக்கு இன்னா பண்ணுதுங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்காவது தெரியுமா மச்சான்? அந்தப் பட்டியலைப் போட்டவர் ஒருநாளும் சட்னி அரைத்தவரில்லை. "ஊட்டுக்கு ஊடு எதுக்கு? நடுவால ஒரு ரூமு கட்டி கிரைண்டரு, மிக்ஸி போடச் சொல்லு. பகல்ல வெயில் சும்மாதான கீது, அப்போ அரைச்சுக்கட்டும்" என்றார். பேட்டரியே தேவையில்லை! பிசிக்ஸ் படித்த எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். மாதக் கடைசிப் படகில் பட்டியல் ஆபீசுக்குப் போவதற்குள் அந்த அறையைச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் அந்த அறுபது வீட்டுக்காரிகளும் இன்னும் இருபது வருஷம் கையால்தான் ஆட்டுவார்கள்.

சேர்த்தாலும் நான் வரமாட்டேன். சுற்றிலும் கடல். கண்ணில் பட்ட கிளிஞ்சலையெல்லாம் இவள் வாயில் போடுவாள். காய்ச்சல் வந்தால் படகுக்குக் காத்திருக்க வேண்டும். தயவுசெய்து இனி கேட்காதீர்கள்.

அல்லாஹ் உங்களையும் உங்கள் தகடுகளையும் புயலிலிருந்து காப்பானாக. வஸ்ஸலாம்.

உங்கள்,
ரைஹானா

பி.கு.: ஸ்டாம்ப் வாங்க மறந்து கடிதம் நான்கு நாள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. அந்த நாலு நாளும் ஒரே யோசனை. நம் வீட்டில் மிக்ஸிக்கு பிளக் பாயின்ட் வைத்தது நீங்கள்தான். கதவுக்குப் பின்னால். யார் உள்ளே வந்தாலும் சட்னியோடு நானும் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன். உங்களை நம்பி அறுபது வீட்டுப் பெண்களை எப்படி விடுவது? அடுத்த படகில் நானும் ஷாகிதாவும் வருகிறோம். அவள் மருந்துகளே தனி மூட்டை. நம் கிரைண்டரையும் கொண்டுவருகிறேன்; தூக்கப் படகுத்துறையில் இரண்டு ஆள் வேண்டும். அதுவரை எந்தச் சுவரிலும் ஓட்டை போடாதீர்கள்.