விறைப்பு ஊசியும் அம்மன் சப்பரமும்

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். அப்படியொரு பிறவி நான். எனக்குப் போய் முதுகெலும்பு மூட்டில் தேய்மானம் வந்தது.

பதுளை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் போடும் சத்தத்தில் பின்னால் இருப்பவர்கள் பாதி வழியிலேயே இறங்கிவிடுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சப்பரத்தின் முன் கம்பு என்னுடையது. வலி வந்த வருஷம் என் மனைவி செல்வியின் தம்பி ராஜு அங்கே தோள் கொடுத்துவிட்டான். மாலையும் கழுத்துமாக அவன் எடுத்துக்கொண்ட போட்டோ என் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. (“ஏன், தம்பி போட்டோவ மாட்டக் கூடாதா?”) அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபரேஷன் தேவையில்லை, மூட்டுக்குப் போகும் சின்ன நரம்புக்கு ஊசி வழியாகச் சூடு வைத்தால் போதும் என்றார் டொக்டர். எந்த மூட்டு என்று கண்டுபிடிக்க முதலில் அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும் ஒரு விறைப்பு ஊசி.

“இது வைத்தியம் இல்ல, சோதனைதான். சில மணி நேரத்துல வலி திரும்ப வந்துரும். குனிஞ்சு நிமிந்து பாருங்க. பாரம் மட்டும் தூக்க வேணாம்.”

ஊசி போட்டது திருவிழா அன்று காலை. பஸ்ஸில் வரும்போதே வலி காணாமல் போயிருந்தது. உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன். சாயந்தரம் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

“டொக்டர் பாரம் தூக்கக் கூடாதுன்னாருல்ல?” என்றாள் செல்வி.

“அம்மன் பாரமாடி?”

ராஜு முகம் தொங்க விலகி நின்றான். தப்பு மேளச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டே தூக்கினேன். ஃபெக்டரி மேட்டில் பாதி ஏறியபோது மருந்து தன் வேலையை முடித்துக்கொண்டது. “ஆத்தா!” என்று அலறினேன். இடுப்பு ஒரு பக்கம் கோணியது, கண் செருகியது, நாக்கு வெளியே வந்தது.

“சாமி வந்திருச்சு!” என்று யாரோ கத்தினார்கள். தப்பு இரண்டு மடங்கு வேகமாக முழங்கியது. ராஜு பாய்ந்து வந்து கம்பைத் தோளில் வாங்கினான். என் கையில் வேப்பிலை, தலையில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர். பக்கத்து லயத்து வீட்டு முனியம்மாக்கா என் இடுப்பையே கட்டிப்பிடித்துக்கொண்டு, “மகனுக்கு வேல கெடைக்குமா தாயே?” என்றார்.

“கெடைக்கும், கெடைக்கும், விடு!”

செல்வி காதருகே வந்தாள். “ஊசி போயிருச்சா?”

தலையாட்டினேன். அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை போனபோது, வலி எவ்வளவு நேரம் இல்லாமலிருந்தது என்று டொக்டர் கேட்டார்.

“ஃபெக்டரி மேடு வரைக்கும்ங்க” என்றாள் செல்வி.

நரம்புக்குச் சூடு வைத்தார்கள். வலி நன்றாகவே குறைந்தது. பாரமும் தூக்கலாம் என்று டொக்டரே சொன்னார். மறு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பருகே போனேன். கோயில் தலைவர் கைகூப்பித் தடுத்தார்.

“சாமி வர்ற ஆளு தோள் குடுக்கக் கூடாதுங்க. முன்னால நடங்க.”

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் முனியம்மாக்காவின் மகனுக்குப் பண்டாரவளையில் வேலை கிடைத்துவிட்டது. இனி யார் நம்புவார்கள்?

இப்போது வருஷா வருஷம் ஈர வேட்டியில் நடுங்கிக்கொண்டு, வேப்பிலையோடு சப்பரத்துக்கு முன்னால் நடக்கிறேன். முன் கம்பு ராஜுவுக்கே நிரந்தரமாகிவிட்டது. அவன் கம்பைத் தூக்குமுன் ஊர் பார்க்க என் காலைத் தொட்டுக் கும்பிடுவான். நிமிரும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி, “இடுப்பு எப்பிடி இருக்கு, தாயே?” என்பான்.