அக்காவின் முதுகுக்கு வாங்கிய பை

முதுகில் மாட்டும் பையைத் தூரத்திலிருந்து வாங்கக் கூடாது. பை நோர்வேயில், முதுகு அக்கராயனில் என்றிருந்தால் எப்படி உருப்படும்?

எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள் மலைநாட்டுக்குப் போய் ஒரு மலை ஏறுவதென்று முடிவானபோது நான்தான் முதலில் பெயர் கொடுத்தேன். வன்னியில் மலை ஏது? குளக்கட்டுத்தான் நாங்கள் கண்ட சிகரம். சின்ன வயதில் அதன் மேல் நின்றுதான், ஒருநாள் உண்மையான மலையில் ஏறுவோம் என்று அக்காவும் நானும் சபதம் எடுத்தோம். பிறகு அவள் நோர்வேக்குப் போய்விட்டாள். அவளை விட்டுவிட்டு ஏறப்போகிறேனே என்று மனம் குறுகுறுத்தது. பையாவது அவள் வாங்கித் தந்ததாக இருக்கட்டும் என்று கேட்டேன்.

"கழுத்தெலும்பில இருந்து இடுப்பெலும்பு மட்டும் அளந்து சொல்லு. பாரம் தோளில நிக்கக் கூடாது, இடுப்பில நிக்கவேணும்," என்றாள் அக்கா வீடியோவில்.

"என்ர அளவு உனக்குத் தெரியாதே? உன்ர சட்டையளைப் போட்டு வளர்ந்தவள்தானே நான்! நீயே போட்டுப் பார்த்து வாங்கு."

(அளவுநாடா தையல் மெசின் லாச்சிக்குள்தான் கிடந்தது. எழும்பிப் போய் எடுக்கப் பஞ்சி.)

ஊருக்கு வந்த ஒருவரிடம் அக்கா பையைக் கொடுத்துவிட்டாள். நல்ல நீலம். அரிசியை நிரப்பிக்கொண்டு குளக்கட்டில் ஒத்திகை பார்த்தேன். இடுப்பில் நிற்கவேண்டிய பட்டி தொடைக்கு இறங்கியிருந்தது. கால் கட்டிய மாடுபோல நான் நடந்து வர, எதிரே வந்த பக்கத்து வீட்டு அன்ரி சைக்கிளிலிருந்து குதித்துவிட்டார்.

"என்ன ரீச்சர், திரும்பவும் வெளிக்கிடச் சொல்லிப்போட்டாங்களோ?"

(சண்டைக்காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பக்கம் மூட்டையோடு நடந்தால் அப்படித்தான் நினைப்பார்கள்.) சுற்றுலா என்று சொல்லியும் அவர் முழுதாக நம்பவில்லை.

மலையில் பாதித் தூரம் ஏறியதும் களைத்து ஒரு பாறையில் குந்தினேன். பை பின்னுக்கு இழுத்தது. அடுத்த கணம் மல்லாந்து கிடந்தேன், இரண்டு காலும் வானத்தில். பட்டியின் கொளுக்கி கைக்கு எட்டவில்லை. அதிபர் ஒரு கையையும் விஞ்ஞான ரீச்சர் மறு கையையும் பிடித்து இழுத்தார்கள். மற்றவர்கள் சிரிப்பை அடக்கப் பெரும் பாடுபட்டார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அக்கா நின்றிருந்தால் முதலில் வயிறு நோகச் சிரித்துவிட்டுப் பிறகுதான் கை கொடுத்திருப்பாள். அவளை நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா நொந்துபோச்சோ?" என்றார் அதிபர்.

"ஓம் சேர்," என்றேன்.

மற்றவர்கள் உச்சிக்குப் போனார்கள். நான் தேத்தண்ணிக் கடையில் பைக்குக் காவல் இருந்தேன்.

வீடு திரும்பி அக்காவை வீடியோவில் பிடித்தேன். "எனக்கெண்டால் அச்சாவாப் பொருந்தினது. உன்ர முதுகு எப்ப கட்டையாப் போச்சு?" என்றாள்.

குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவளுக்கு எப்பவும் கட்டை முதுகுதான். உன்ர சட்டை ஒவ்வொண்டையும் மடிச்சுத் தைச்செல்லே அவளுக்குப் போட்டனான்!"

அக்கா சிரித்தாள். மலையில் நான் தேடிய அதே சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பையை வைச்சிரு. வாற வருசம் நான் வந்து போடுறன்," என்றாள்.

அந்த வருடம் போய், வேறு வருடங்களும் போய்விட்டன. போனில் அவள் "வாறன்" என்று சொல்லும்போதெல்லாம் அம்மா, "அப்ப பையை வெயிலில போடட்டோ?" என்று கேட்பார். வீடே சிரிக்கும். சிரித்துவிட்டு அம்மா உண்மையாகவே அலுமாரியைத் திறந்து, பையை எடுத்து முற்றத்துக் கொடியில் போடுவார்.

பையின் நீலம் இப்போது நன்றாக வெளிறிவிட்டது.