ரப்பர் கையுறை வைத்தியம்

ராத்திரிப் பாத்திரங்களைக் கை கழுவிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன்.

கடிகாரக் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்களின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டிக் காட்ட வேண்டும். ஒரு அம்மாள் கடிகாரத்தைப் பார்க்காமல் என் நகங்களையே பார்த்துவிட்டு எழுந்து போனார். முதலாளி என்னை அழகு நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பெண் என் விரல்களை ஊறவைத்து, நகங்களை ராவி, பளபளவென்று தேய்த்துவிட்டாள். பத்து நாளைக்குச் சோப்புத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது, தினமும் நகத்தைச் சுற்றி எண்ணெய் தடவ வேண்டும் என்றாள். முதல் பாதியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் சமையல் மனைவி, ராத்திரிப் பாத்திரம் நான். பன்னிரண்டு வருஷ ஏற்பாடு. விரல்களை விரித்துப் பிடித்தபடி உள்ளே போய், நம் பிழைப்பே இந்தப் பத்து நகத்தில்தான் இருக்கிறது என்று விளக்கினேன். சண்டைக்குப் பதில்கள் தயாராக இருந்தன. அவள் சண்டையே போடவில்லை. அழகு நிலையத்துக்குப் போன் போட்டுக் கால் மணி நேரம் பேசினாள். பிறகு பாதாம் எண்ணெயை ஒவ்வொரு நகத்திலும் சொட்டுவிட்டுத் தேய்த்தாள். கல்யாணமான புதிதில்கூட என் கையை இப்படிப் பிடித்ததில்லை. சொக்கிப்போய்க் கண்ணை மூடினேன். திறந்தபோது முழங்கை வரை மஞ்சள் ரப்பர் கையுறை.

"இது எதுக்கு?"

"எண்ணெய் உள்ள இறங்கச் சூடு வேணுமாம். கையுறையோட வெந்நீர்ல வேலை செஞ்சா ரொம்ப நல்லதுன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சு. தொட்டியில வெந்நீர் ஊத்தி வச்சிருக்கேன்."

"ராத்திரி மட்டும் போதும்ல?"

"காலையிலயும் செய்யணும். நம்ம பிழைப்பாச்சே."

நான் விடுவதாக இல்லை. மூன்றாம் நாள் கத்திரிக்கோலால் கட்டைவிரலில் ரகசியமாக ஓட்டை போட்டேன். தண்ணீர் உள்ளே போகிறது, இனி ஆபத்து என்று வருத்தத்தோடு காட்டினேன். அவள் அலமாரியைத் திறந்து புது ஜோடியை எடுத்தாள். அரை டஜன் வாங்கி வைத்திருந்தாள்.

பத்தாம் நாள் என் கை பட்டுப் போல இருந்தது. முதலாளியே மெச்சினார். அன்று மாலை அவளும் பத்து நகங்களுக்கும் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். என் நேரம் வந்துவிட்டது. அதே வைத்தியம் உனக்கும் ஆகட்டும் என்று கையுறையை நீட்டினேன்.

"ரப்பர் பட்டா எனக்கு அரிக்கும்ங்க" என்றாள்.

அன்றிலிருந்து காய்கறி கழுவுவதும் நான்தான்.