நாலு பக்கமும் பொங்கின பால்

முன்னொரு காலமில்லை, போன மாசம்தான். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு ராசா இருந்தான். அவனுக்கு வீடு இருந்தது, வளவு இருந்தது, வளவுக்குள் நாலு தென்னை இருந்தது. எல்லாம் ராணியின் பேரில் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேருவார். அப்படிச் சூட்கேசோடு வந்த ராசா நான்தான். பேர் நிலோஜன். கல்யாணம் முடித்து ஏழு மாசம்.

ராணியின் பேர் கஜானி.

ராசாவுக்கு ஒரேயொரு கவலை. சனிக்கிழமை! அன்றைக்குத்தான் எங்கள் கழகத்துக்குக் கிரிக்கெட். அன்றைக்குத்தான் பக்கத்து வளவில் இருக்கும் கஜானியின் அம்மா, என் மாமி மங்கையற்கரசி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். தேங்காய் துருவ, மீன் வெட்ட, வெங்காயம் உரித்து அழ, எல்லாத்துக்கும் நான்.

கஜானிக்கும் சனிக்கிழமை மேல் ஒரு கண். கல்யாணத்துக்கு முதல் காத்தான்குடியில் அவளுடைய கூட்டாளி முப்லிஹா வீட்டாரின் கடையில் வேலை செய்தவள். "சனியில மட்டும் கடைக்குப் போகட்டா?" என்று ரெண்டு தரம் கேட்டாள். "மறுகா சமைக்கிற ஆரு?" என்று ரெண்டு தரமும் திருப்பிக் கேட்டேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தேன்.

இதற்குள் எங்கள் கழகம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது! முதல் பந்தைச் சந்திக்கப் போறவன் நான்! சனிக்கிழமை ஒன்பதரைக்கு நான் படலையைத் தாண்டியே ஆக வேண்டும். மூளையைக் கசக்கினேன். திட்டம் பிறந்தது. நேரே முப்லிஹா கடைக்குப் போய், துணி மாடியைத் தாண்டி மேலே ஏறி, ஒரு மைக்ரோவேவ் வாங்கினேன்.

"பாவிக்கிற விதத்தக் காட்டித் தாங்க," என்றேன்.

முப்லிஹா சிரித்தாள். "கஜானிட வீட்டுக்குத்தானே அண்ணன்? காட்டத் தேவல்ல, கொண்டு போங்க."

என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு, பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டி வந்தேன்.

"என்னங்க இது, டீவியா?" என்றாள் கஜானி.

"அடுப்பு! நெருப்பில்லாத அடுப்பு! பத்து நிமிசத்தில நீ சமைச்சிருவாய், நான் விளையாடப் போயிருவன்!"

அவள் ரெண்டடி பின்னுக்குப் போனாள். "ஐயோ, எனக்குப் பயம். கரண்டுச் சாமான். நான் கிட்டயும் போக மாட்டன்."

"ஒண்டும் செய்யாது கிளி."

"அப்ப நீங்க சமைச்சுக் காட்டுங்க. பாத்துப் பழகுறன்."

பாவம், பயந்த பிள்ளை! எனக்கு நெஞ்சு ரெண்டங்குலம் விரிந்தது. "சரி! இந்தச் சனி முழுச் சமையலும் நான். முடிச்சுப்போட்டு மட்டையத் தூக்கிறன்!"

"ஓம், முடிச்சுப்போட்டுத்தான் தூக்கணும்," என்றாள் ராணி.

சனிக்கிழமை எட்டு மணிக்கே மாமி வந்துவிட்டார். கையில் பித்தளைச் செம்பு நிறையப் பால்.

"புது அடுப்பெண்டா முதல்ல பால் பொங்கணும், மருமகன்."

பெட்டியின் நெற்றியில் மூன்று கோடு திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு. நான் செம்பை அப்படியே உள்ளே வைத்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற கஜானி கத்தினாள்.

"இஞ்சாருங்க! அந்தச் செம்ப எடுங்க! பித்தளை மினுங்கிறதப் பாத்தா எனக்கு நெஞ்சு பதறுது. இந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில வையுங்க."

மாற்றி வைத்துவிட்டு, பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். 'உலோகப் பாத்திரம் வைக்கக் கூடாது, பொறி பறக்கும்' என்று முதல் பக்கத்திலேயே கிடந்தது.

"பாத்தியா! உன்ட பயமும் ஒருக்கா உதவுது!"

"ஓம், உதவுதுதானே?" என்றாள்.

பொத்தானை அமத்தினேன். உள்ளே விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, பால் நுரைத்தது.

"எந்தப் பக்கம் பொங்குது மருமகன்? கிழக்கால பொங்கினாத்தான் நல்லம்!"

"கிழக்கு மாமி! கிழக்கு! இல்ல, தெற்கு! ஐயோ மேற்கு! வடக்கு! திரும்பக் கிழக்கு!"

"நாலு பக்கமுமா!" மாமி கைதட்டினார். "என்ட வயசுக்கு நான் இப்பிடிக் காணல்ல!"

நானும் காணவில்லை. தட்டுக்குக் கீழே, சில்லுக்குள்ளே, கதவு இடுக்கிலே, எங்கும் மங்களம். துடைத்து எடுக்க இருபது நிமிசம்.

பிறகு சோறு. மூடியை இறுக்கினேன்.

"இறுக்கி மூடாதீங்க, எனக்கு மூச்சு முட்டுற மாதிரி இருக்கு. ஆவி போக இடம் விடுங்க."

பிறகு மீன். நடுவில் குவித்தேன்.

"குவிச்சா கண்ணூறு படும். தட்டில வட்டமாப் பரப்புங்க, தடிச்ச பக்கம் வெளியால."

"பாதியில நிப்பாட்டித் திருப்பி வையுங்க, இந்த இரைச்சல் தாங்க ஏலாது."

"உடன திறக்காதீங்க, அஞ்சு நிமிசம் ஆறட்டும். பயமாக் கிடக்கு."

அவளுடைய பயம் ஒவ்வொன்றும் புத்தகத்தின் பக்கம் ஒவ்வொன்றோடும் பொருந்தியது. எனக்கு உறைக்கவில்லை.

கஜானி உடுப்பு மாற்ற அறைக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு முடிவை நானாக எடுத்தேன். ஆறு முட்டையை ஓட்டோடு உள்ளே வைத்தேன்.

டமார்!

"பிள்ளையாரே!" என்று மாமி கதிரையில் ஏறினார். கதவு தானாகத் திறந்துகொண்டது. நான் மஞ்சளாக நின்றேன். கைபேசி அடித்தது. கழகத்துத் தலைவன் நிதுர்ஷன்.

"டேய், எங்க நிக்கிறாய்? டாஸ் போட்டாச்சு!"

"மச்சான், முட்டைடா..."

"மட்டையே பிடிக்கல்ல, அதுக்குள்ள முட்டையா? போடா, வேற ஆளப் போடுறன்!"

துடைத்து நிமிரப் பத்து மணி ஆகிவிட்டது. ஆனாலும் மாமி கதிரையில் நின்றபடியே மீனில் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். "மகள்ட கைக்கும் இப்பிடி வராது, மருமகன்!" போட்டி போனாலும் புகழ் வந்தது. மனம் கொஞ்சம் ஆறியது.

படலையில் ஆட்டோ ஹோர்ன் அடித்தது. முப்லிஹா!

"கஜானி, கெதியா வா கா! மைக்ரோவேவ் பழக ஆக்கள் வந்து காத்திட்டிருக்காங்க. நீ போன பிறகு சொல்லிக் குடுக்க ஒரு ஆளில்ல!"

கஜானி சேலை உடுத்து, கைப்பையோடு வெளியே வந்தாள். நான் துடைத்த துணியோடு நின்றேன்.

"நீ அந்தக் கடையில துணிதானே வித்த?"

"துணி கீழ் மாடி. நான் ரெண்டு வருசம் மேல் மாடி. இந்த அடுப்பத்தான் ஆக்களுக்குப் படிப்பிச்ச. நீங்க எந்த மாடி எண்டு கேக்கவே இல்லையே."

"அப்ப... உன்ட பயம்?"

"பயம்தான். நீங்க சமைக்கப் பழகாம விட்டிருவீங்களோ எண்டு." ஆட்டோவில் ஏறிக்கொண்டு சொன்னாள். "சனியில சமைக்கிற ஆரு எண்டு கேட்டீங்களே, இப்ப ஆள் இருக்கு. முட்டைய ஓட்டோட வைக்கப்படா. உடைச்சு ஊத்தி, மஞ்சள் கருவக் குத்திப்போட்டு, மூடி வையுங்க. வாறன்!"

ஆட்டோ போய்விட்டது. மாமியும் கதிரையை விட்டு இறங்கினார். படலையில் நின்று திரும்பினார்.

"பால் நாலு பக்கமும் பொங்கினதெல்லோ மருமகன், இனி மாசத்தில நாலு சனியும் நீங்கதான்," என்று சொல்லிப்போட்டு நடந்தார்.