மனசைக் காட்டப் போய் கண்ணாடி வாங்கி வந்தேன்

போன மாதம் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மனசு விட்டுப் பேச ஒரு ஆலோசகரைக் கண்டுபிடிக்கணும்.

உத்தரவு என் மனைவி சுமதியுடையது. நான் நிரந்தர நைட் ஷிப்ட். காலையில் மத்திகிரி வீட்டுக்கு வந்து படுப்பேன். தூக்கம் வராது. ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். என்னவென்று கேட்டால், ஒண்ணுமில்ல.

"ஏங்க, வீட்டுல வாடகைக்கு ஆள் வெச்ச மாதிரி இருக்கு. எங்கிட்டப் பேச வேணாம். இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்களாமே, அங்கயாவது வாயத் தொறங்க. இல்லன்னா நான் பர்கூர்ல அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

சொன்னால் செய்கிறவள். பயந்துவிட்டேன்.

நானும் படித்தவன்தான், போனில். முதல் ஆள் ஒத்துவராவிட்டால் அடுத்தவரைப் பாருங்கள் என்று ஒரு கட்டுரையில் போட்டிருந்தது. வாடகை வீடு தேடுகிற மாதிரிதானே, அதில் நமக்கு நல்ல அனுபவம் உண்டு.

முதலில் கம்பெனியிலேயே பார்த்தேன். மாசம் ஒரு தடவை ஒரு மேடம் வருவார். கேன்டீன் பக்கத்தில் கண்ணாடி அறை. "இங்க பேசறது வெளிய போகாது" என்று உறுதி கொடுத்தவர் ஹெச்.ஆர். கொடுத்துவிட்டு அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

வெளியே டிபன் வரிசை. ஃபோர்க்லிஃப்ட் மஞ்சுநாத் கண்ணாடி வழியாக, ஊட்டா ஆயித்தா, அதாவது சாப்பிட்டாச்சா என்று கையாலேயே கேட்டான். நானும் கையாலேயே, இன்னும் இல்லை என்றேன்.

வேலையில் ஏதாவது கஷ்டமா என்று மேடம் கேட்டார். ஹெச்.ஆர். என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் சூப்பருங்க மேடம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கேட்காமல் கொள்ளாமல் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"தூசிங்க" என்றேன்.

மறுநாள் என் பெயரில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்தவர் பெங்களூர்க்காரர், வீடியோவில். பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ், நடுநடுவே எனக்காகக் கொஞ்சம் தமிழ். கண்ணை மூடுங்க, மூச்சை மெதுவா இழுத்து விடுங்க என்றார். ஷிப்ட் முடிந்து வந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? விழித்துப் பார்த்தபோது மத்தியானம். பல மாதங்களில் நான் நன்றாகத் தூங்கினது அன்றைக்குத்தான். அவரோ எனக்கு ஈடுபாடு போதவில்லை என்று மெசேஜ் போட்டிருந்தார்.

மூன்றாவது, ஓசூர் டவுனில் ஒரு அம்மா. ஷிப்ட் விட்டதும் நேரே வரலாம் என்றார்கள். அதுவே பாதி குணமான மாதிரி இருந்தது.

"சொல்லுங்க."

இங்கேதான் பிசகிவிட்டது. இத்தனை வருஷமாக ஷிப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் மெஷினை ஒப்படைத்தே பழகின வாய். எழுந்து நின்றுகொண்டு ஒப்பித்தேன்: "தூக்கம் நின்னு போச்சுங்க. பசி ஓடுது, சத்தம் மட்டும் ஜாஸ்தி. அழுகை அப்பப்ப வருது, தானாவே நின்னுக்குது. மத்தபடி ஓகே." சொல்லி முடித்துப் பையையும் தோளில் மாட்டிவிட்டேன். ஒப்படைத்தாச்சு, இனி அவர் பாடு.

அந்தம்மா சிரிக்கவில்லை. "உக்காருங்க. இதை எங்கிட்ட விட்டுட்டுப் போக முடியாது, நீங்களும் கூட இருக்கணும்" என்றார். பிறகு, "ரெண்டு மூணு தடவை வந்து பாருங்க. நான் சரிப்படலைன்னா தைரியமா சொல்லுங்க, வேற ஆள் சொல்றேன்" என்றார்.

'என்னை வேண்டாம்னு சொல்லலாம்' என்று ஒருத்தர் தானாக முன்வந்து சொன்னதை நான் எந்த கம்பெனியிலும் கேட்டதில்லை. பையை இறக்கி வைத்தேன்.

கிளம்பும்போது, இந்த அழுகையெல்லாம் வீட்டில் தெரியுமா என்று கேட்டார். அவளுக்கு எதுக்குங்க கஷ்டம் என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால், சுமதி என் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். இந்த முறை உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சுநாத், மூச்சுப் பயிற்சி, தூசி, அது தூசி இல்லை என்பது வரைக்கும்.

கத்தி நின்றது. கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் தண்ணி இறங்கியது.

"என்ன சுமதி?"

"வெங்காயங்க."

கண்ணாடியில் குறை இருக்கிறது. நாளைக்கு ஸ்டோர்ஸில் புகார் கொடுக்கணும்.