டூ அண்ணாச்சியும் ஐப்பசி மழையும்

உலகத்தில் எதுவுமே அளவோடு இருக்காது என்று நம்பிய ஒரே மனிதர், கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸின் தலைமைக் கிளார்க் 'டூ' அண்ணாச்சிதான்.

எதைக் கண்டாலும் முன்னால் ஒரு இங்கிலீஷ் 'டூ' போடுவார். காபி டூ சூடு. ஆறிப்போனால் டூ பச்சைத்தண்ணி. பஸ்ஸில் கூட்டம் என்றால் டூ கூட்டம். காலியாக வந்தால் டூ காலி, பிரேக் கோளாறாக இருக்கும் என்று ஏறவே மாட்டார். எனக்குப் பெண் பார்க்கக் கூட வந்தவர், "பொண்ணு டூ அழகு, நம்ம பயலுக்குத் தாங்காது" என்று என் அப்பாவிடமே சொன்னார்.

"அண்ணாச்சி, அளவுக்கு மிஞ்சினாத்தான் 'டூ' போடணும். எல்லாத்துக்கும் போடக்கூடாது" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏலே, நீ டூ படிச்சவன்" என்று முடித்துவிட்டார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. மருந்தில் முக்கியெடுத்த குச்சி காயவில்லை, சரக்குப் போகவில்லை. எங்களிடம் மொத்தமாகச் சரக்கெடுக்கும் நாக்பூர் சேட்டு டிரங்க் கால் போட்டு போனில் வந்துவிட்டார். சரியான காரணம் சொல்லாவிட்டால் ஆர்டர் சிவகாசிக்குப் போய்விடும். இங்கிலீஷ் போன் என்றால் அண்ணாச்சிதான் பேச வேண்டும்.

"'டூ மச் ரெயின்'னு ஒரு வார்த்தை சொல்லும், போதும்" என்றார் முதலாளி.

வாழ்நாளில் முதன்முறையாக அந்த வார்த்தைக்குச் சரியான வேலை வந்திருந்தது. அண்ணாச்சியோ போனில், "ரெயின் கரெக்ட் சார். வெரி கரெக்ட்" என்றார்.

முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் போனின் வாயைப் பொத்தி, "டூ சொல்லுங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

"மழையப் போயி அதிகம்னு சொல்லுவாவளாலே? கரிசக்காட்டுக்காரன் வாயால சொன்னா அது கோவிச்சுக்கிட்டுப் போயிராதா? ஊர்ல எங்க அண்ணன் இப்பத்தான் பருத்தி வெதச்சிருக்காவ."

போனைப் பிடுங்கி நானே சொன்னேன். ஆர்டர் பிழைத்தது. சொல்லிவைத்தாற்போல் மறுநாளே மழையும் நின்றது. அடுத்த வருஷம் பொட்டு மழை கிடையாது. அண்ணாச்சி வானத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

"இங்கிலீசுல சொன்னா அதுக்கு வெளங்காதுன்னு நெனச்சியோ?"

வருஷம் முழுக்க இதே பாட்டு. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். முழங்கால் தண்ணீரில் நின்று ஊரே மழையைத் திட்டும்போது நான் மட்டும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அண்ணாச்சி போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. என்னைப் படாதபாடு படுத்திய மனிதர். ஆனாலும் அவர்மேல் எனக்கு டூ பிரியம்.