ஊசியாரும் காந்தக் கலக்கமும்

மரச்சாமான் கடையின் மாடிப்படிகள் அதுவரை கட்டில்களையும் அலமாரிகளையுமே சுமந்து பழகியவை. அந்த வாரம் அவை மனிதர்களைச் சுமந்தன. கட்டிலை ஏற்றும்போது கீழே ஒருவர் நின்று, "பார்த்து, பார்த்து" என்பார். மனிதர்கள் ஏறியபோது அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த மாடிக்கு ஏன் ஏறப்போகிறார்கள்?

மேலே எழுந்தருளியிருந்தவர் ஊசியார். பெற்றோர் இட்ட பெயர் காவல் நிலையத்துக்குத் தெரிந்திருக்கலாம். திசைகாட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் ஊசி ஆடும் ஆட்டத்தைக் கொண்டு உடம்புக்குள் இருப்பதை உரைப்பதால் அத்திருநாமம். மரியாதை விகுதியைக் கூட்டமே சேர்த்துக்கொண்டது; மரியாதை கொடுக்க மூளை செலவாவதில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் வானம். சில நாள்களுக்கு முன், பொழுது சாய்ந்த சற்று நேரத்தில், வடக்கே அடிவானம் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. கதிரவன் கக்கிய மின்துகள்கள் பூமியைச் சூழ்ந்த காந்தப் புலத்தைக் குலுக்க, துருவத்தின் பக்கம் பாய்ந்திறங்கியவை உயரத்துக் காற்றில் மோதி எழுப்பும் துருவ ஒளி அது. வழக்கமாகத் துருவக் கோடிகளில் மட்டுமே ஆடுவது, குலுக்கல் பெரிதானதால் இவ்வூரின் அடிவானம்வரை தலைகாட்டியது. படைத்தவன் கட்டணமின்றிக் காட்டிய காட்சி. கைகூப்பி நின்றிருக்கலாம், வாய்பிளந்தாவது நின்றிருக்கலாம். ஊரார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்று வானொலியில் செய்தி வாசித்தவள் அவ்வூர்த் தையற்காரர் ஒருவரின் மனைவி; பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த கர்ப்பிணி. "பூமியின் காந்தப் புலத்தில் கலக்கம் ஏற்பட்டுள்ளது" என்று வாசித்தாள். "இதனால் உடல்நலத்துக்குக் கேடு எதுவுமில்லை, மக்கள் கலங்க வேண்டாம்" என்றும் தொடர்ந்து வாசித்தாள். ஊரோ முதல் வாக்கியத்தோடு வானொலியை அணைத்துவிட்டு அண்டை வீட்டுக்கு ஓடிவிட்டது. கலக்கம் என்ற ஒற்றைச் சொல் போதுமானதாயிருந்தது. வயிறு கலங்கியவர், மனம் கலங்கியவர், தேர்வுக்கு முன் கலங்கியவர், அனைவருக்கும் அன்றுமுதல் ஒரே நோய், காந்தக் கலக்கம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது புலவருக்குச் செல்வம், ஊசியாருக்கு வியாபாரம்.

ஒருநாள் காலையில் மாத்திரையைத் தேடியபோதுதான், அந்த வியாபாரம் தன் சமையலறைக்குள்ளும் நுழைந்திருப்பதைச் செய்தி வாசிப்பவள் அறிந்தாள்.

"அத்தை, என் இரும்புச்சத்து மாத்திரை எங்க?"

"குப்பையில." மாமியார் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "காந்தம் எதை இழுக்கும்? இரும்பைத்தானே. நீ தினம் இரும்பை முழுங்குற. வானத்துக் கலக்கம் நேரா வயித்துக்கு வந்துடும்னு ஊசியார் சொல்லிட்டார்."

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு, இதை விட்டா பிரசவத்துல உயிருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. நீங்களும் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"டாக்டரம்மா சொன்னது வானம் செவக்கறதுக்கு முன்னாடி."

இவ்வாதத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் மறுப்பு கிடையாது. அவள் கணவரைப் பார்த்தாள். தையற்காரர் உதடுகளுக்கிடையே குண்டூசிகளைக் கவ்வியிருந்தார். தாய்க்கும் தாரத்துக்கும் நடுவே வாய் திறவாதிருக்க அத்தொழில் வழங்கும் வசதி அது.

"ஊசியை எடுத்துட்டுப் பேசுங்க."

எடுத்தார். "அம்மா பயப்படறாங்க. ஒரு தடவை ஊசியார்கிட்ட போய்ட்டு வந்துடலாமே. அவர் விக்கிற செம்புப் பட்டையை இடுப்புல கட்டிக்கிட்டா அவங்களுக்கும் நிம்மதி."

"நிம்மதி அவங்களுக்கு, ரத்தசோகை எனக்கா? சரி, போலாம். வழியில மருந்துக்கடையில ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்க."

மாடிக்கூடத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆள்கள் நின்றார்கள். விற்பனைக்குரிய செம்புப் பட்டைகள் ஒரு மூலையில் மலைபோல் குவிந்திருந்தன. ஒலிபெருக்கியிலிருந்து, பதிவு செய்த ஒரு பெண்குரல் எழுந்தது. "காந்தப் புலத்தில் கலக்கம் ஏற்பட்டுள்ளது." அவ்வளவுதான், வெட்டு. மறுபடி அதே வாக்கியம், மறுபடி வெட்டு. தன் குரலே தன் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்வதைக் கேட்டு அவளுக்குக் காது சுட்டது.

மேசைக்கு முன் ஒரு பேருந்து ஓட்டுநர் குனிந்து நின்றார். ஊசியார் நீளக் கை வைத்த சட்டையோடு வலக்கரத்தை அவர் நெற்றிக்கு நீட்டினார். வழியில் அக்கரம் திசைகாட்டியைக் கடந்தது. ஊசி விசுக்கென்று திரும்பியது.

"தூக்கம் வருதா?"

"வருதுங்க."

"எப்ப?"

"ராத்திரியில."

"பாத்தீங்களா?" என்று ஊசியார் கூட்டத்தைக் கேட்டார். கூட்டம் பார்த்தது. என்ன பார்த்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனாலும் பார்த்தது.

அடுத்து செய்தி வாசிப்பவள். கரம் அவள் வயிற்றை நோக்கி நீண்டது. ஊசி பம்பரமாய்ச் சுற்றியது. மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள அவ்வளவும் இரும்பு," என்றார் ஊசியார். "இனிமே ஒரு மாத்திரைகூட உள்ள போகக்கூடாது. பட்டையைக் கட்டலைன்னா கொழந்தை தலையைத் துருவத்தைப் பாத்துத் திருப்பிக்கும்."

அவள் கைப்பையிலிருந்து புது மாத்திரை அட்டையை எடுத்துத் திசைகாட்டியை ஒட்டி வைத்தாள். ஊசி அசையவில்லை.

"இதுவும் இரும்பு மாத்திரைதாங்க. ஊசி ஏன் சும்மா கெடக்கு?"

"மாத்திரை இப்ப தூங்குது. வயித்துக்குள்ள போனாத்தான் முழிச்சுக்கும்."

ஒரு மாத்திரையைப் பிரித்து விழுங்கி, கைப்பையிலிருந்த புட்டித் தண்ணீரைக் குடித்தாள். "அடிப்பாவி" என்றார் மாமியார். அவள் வயிறு மேசை விளிம்பில் முட்டும்படி நெருங்கி நின்றாள். ஊசி, தியானம் கைகூடிய முனிவரைப்போல் அசைவற்றிருந்தது.

"முழிச்சுக்குச்சா?"

"நான் கை நீட்டினாத்தான் அது பேசும்மா."

"அப்படியா? நான் போய் வாசல்ல நிக்கறேன். யாரும் மேசைகிட்ட வர வேண்டாம். நீங்க மட்டும் கையை நீட்டுங்க."

ஊசியார் கூரையைப் பார்த்தார். கூரை கைகொடுக்கவில்லை. "நீட்டுங்க சாமி," என்றார் ஓட்டுநர், "வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கோம்." ஊசியார் இடக்கரத்தை நீட்டினார். ஊசி அசையவில்லை.

"அது இல்லீங்க," என்றாள் அவள் வாசலிலிருந்து. "வழக்கமா நீட்டுற கை."

கூடம் முழுதும் அந்தக் கையைப் பார்த்தது. வேறு வழியின்றி வலக்கரம் நீண்டது. ஊசி சுற்றோ சுற்றென்று சுற்றியது.

"என் வயிறு இங்க இருக்கு. ஊசி அங்க சுத்துது. அப்போ கலக்கம் யார்கிட்ட?"

அப்போதுதான் தையற்காரருக்குத் தம் தொழில் நினைவுக்கு வந்தது. சட்டைக் காலரில் குத்தியிருந்த குண்டூசிகளை உருவி, ஊசியாரின் வலக்கைப் பட்டியருகே கொண்டுபோனார். ஊசிகள் அவர் விரல்களை விட்டுத் துள்ளிப் பாய்ந்து சட்டையில் ஒட்டிக்கொண்டன. ஊசியார் அன்றுதான் பெயருக்கு ஏற்றபடி காட்சியளித்தார்.

"உள்மடிப்புல தையல் கோணலா இருக்கே சாமி," என்றார் தையற்காரர். "நான் சரி பண்ணித் தரட்டுமா?"

ஓட்டுநர் கையைப் பிடித்துக்கொள்ள, தையற்காரர் மடிப்பைப் பிரித்தார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து பெயர்த்த வட்டக் காந்தம் ஒன்று மேசையில் விழுந்து, திசைகாட்டியின் ஊசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

அவள் ஒலிவாங்கியை எடுத்தாள். தினம் மாலை ஊர் கேட்கும் அதே குரல், அதே நிதானம். "பூமியின் காந்தப் புலத்தில் கலக்கம் ஏற்பட்டுள்ளது. இதனால் உடல்நலத்துக்குக் கேடு எதுவுமில்லை. மக்கள் கலங்க வேண்டாம்."

"செய்தி வாசிக்கிற அம்மாவா நீங்க?" என்று முன்வரிசையிலிருந்தவர் எழுந்தார். "இதை அன்னிக்கே முழுசா சொல்லியிருக்கலாமே?"

"முழுசாத்தான் சொன்னேன். நீங்கதான் பாதியில எந்திரிச்சுப் போய்ட்டீங்க. வானத்துல அவ்வளவு பெரிய குலுக்கல் வந்தப்பகூட இந்த ஊர் ஊசி கண்ணுக்குத் தெரியற அளவுக்கு ஆடலை. இவர் சட்டைக் கைக்கு ஆடுது."

ஊசியார் பின்பக்கப் படிகளை நாடினார். ஓட்டுநர் வழியை மறித்துக்கொண்டு, காவல் நிலையத்துக்கு ஆளனுப்பினார். பட்டை வாங்கியவர்கள் அதை அவிழ்ப்பதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏமாந்ததை ஒப்புக்கொண்டவர் அவிழ்த்தார், ஏமாந்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டவர், செம்பு உடம்புக்கு நல்லதுதானே என்றார்.

மாமியார் மாத்திரை அட்டையை மேசையிலிருந்து எடுத்துத் தம் முந்தானையில் துடைத்தார். மருமகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அடுத்ததை எப்பம்மா போடணும்?"

"நாளைக்கு, அத்தை."

"நானே எடுத்துத் தரேன்."

காந்தப் புலத்தின் கலக்கம் இரண்டொரு நாளில் தானே அடங்கிவிடும். மனிதர்களின் கலக்கத்துக்கு அந்த நற்குணம் இல்லை. அடுத்த ஊசியார் எந்த மாடியில் எழுந்தருள்வார் என்று அது காத்துக்கிடக்கும். காத்துக்கிடப்போர்க்கு ஒரு விண்ணப்பம். படைத்தவன் நமக்குத் தலையைத் தந்தது, ஒருமுறையேனும் பயன்படுத்தாமல் புத்தம் புதிதாய் அவனிடமே திருப்பிக் கொடுப்பதற்காக அன்று.